சொல்லாமலே புரிந்துகொள்ளும் கால்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, சிரித்துக்கொண்டே நடக்கிற ஒரு பெரியவர். அவருடைய இடது காலில் நாங்கள் செய்த எக்ஸோ. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஓர் அலுமினியச் சட்டம், முழங்காலுக்குப் பக்கத்தில் மோட்டார், இடுப்பில் பாட்டரி. படத்துக்குக் கீழே 'நீங்கள் சொல்லாமலே புரிந்துகொள்ளும்' என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கும். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். இப்போதெல்லாம் அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வேலை என்னவென்று கேட்டால், ஊகிப்பது. சட்டத்தை வடிவமைப்பவர்கள் வேறு, மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர்கள் வேறு. காலில் மாட்டியிருக்கிற ஆள் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று கணிக்கிற புரோகிராம் மட்டும் என்னுடையது. பாதத்துக்கு அடியில் எவ்வளவு எடை விழுகிறது, தொடை எந்தப் பக்கம் சாய்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, இதையெல்லாம் நொடிக்கு நூறு தடவை பார்த்து, ஆள் நடக்கிறாரா, உட்காருகிறாரா, எழுகிறாரா, படி ஏறுகிறாரா, இறங்குகிறாரா என்று அது முடிவு செய்யும். முடிவு செய்த உடனே மோட்டார் முழங்காலைத் தள்ளி நிமிர்த்தும், இல்லையென்றால் மடங்க விட்டுக்கொடுக்கும். நான் இதில் கெட்டிக்காரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

இந்தக் கெட்டிக்காரிக்கு ஓர் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தாராவியில் நாங்கள் பிறந்த சந்திலிருந்து நாலு சந்து தள்ளி அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் படித்தது, செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஏழாவது மாடிக்குக் குடிபோனது, மேஜை போட்டுச் சாப்பிடுவது, எல்லாமே அவளுக்குக் குத்தம். அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவது, போனை எடுத்தால் ஹலோ சொல்லாமல் நேரே சண்டைக்கு வருவது, எல்லாமே எனக்குக் குத்தம். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பார்த்துக்கொள்வோம், இரண்டு பலகாரம் தின்பதற்குள் சண்டை வந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் போன் செய்தாள். மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

"ஏட்டி, காலு மரத்துப் போச்சு" என்றாள்.

"காலையில இருந்து மெஷினுலயே உக்காந்திருந்தா மரத்துத்தான் போவும். எந்திரிச்சு ஒதறு, சரியாப் போயிரும். நான் வேலையா இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

கால் மரத்துப் போச்சு என்றால் நமக்கெல்லாம் என்ன தெரியும்? சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் எறும்பு ஊரும், நாலு எட்டு நடந்தால் போய்விடும். அவள் சொல்ல வந்தது அதில்லை. இடது கால் இருக்கிற இடமே தெரியவில்லை என்று சொல்ல வந்தாள். அதற்கும் அவளிடம் இருந்தது அந்த ஒரே வார்த்தைதான். நான் அதைக் காதில் வாங்கிய கையோடு மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். அது பக்கவாதம். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவளுடைய கொழுந்தன்தான் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். "காலையிலேயே கொண்டுவந்திருந்தா கதையே வேற" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். காலையில் எனக்கு ஒரு போன் வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

காலோடு சேர்ந்து விழுந்த இடது கை சில மாதங்களில் திரும்பிவிட்டது. பேச்சு ஒருநாள்கூடப் போகவில்லை. கொஞ்சம் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்குமே என்று ஒருநாள் நினைத்தேன், அப்படிப்பட்டவள்தான் நான். இடது முழங்கால் மட்டும் திரும்பவில்லை. எடையை வைத்தால் பொசுக்கென்று மடங்கிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், பொதுக் கழிப்பறை வரைக்கும் கம்பை ஊன்றிக்கொண்டு போவாள், அவ்வளவுதான்.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேல் அறைக்கு அங்கே மாளா என்று பேர். மாளாவுக்குப் போக வீட்டுக்குள் படி கிடையாது. சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலேயிருந்து தொங்குகிற ஒரு கயிறு. அத்தான் இருந்த காலத்திலேயே வீட்டைப் பிரித்தாகிவிட்டது. கீழே கொழுந்தன் குடும்பத்துக்கு, மாளா இவர்களுக்கு. அத்தான் போன பிறகும் அவள் அங்கேதான் இருந்தாள். அவளுடைய தையல் மெஷின் அங்கே. பிளவுஸ் தைப்பாள், சேலைக்கு ஃபால் வைப்பாள், ஓரத்துக்குப் பிக்கோ அடிப்பாள். ஜன்னல் வழியாக அந்தச் சந்தில் எல்லாரையும் அதட்டுவாள். கால் போனதற்குப் பிறகு மூன்று வருஷமாகக் கீழே, கொழுந்தன் வீட்டு கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் யாரோ ஒருவருடைய பட்டறையில் பை தைக்கிறவன். சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை, அதற்கு இடம் வேண்டும். "ஏற முடியாத ஒங்களுக்கு மாளா எதுக்கு மதினி? சும்மா காலி-பீலி பூட்டித்தான கெடக்கு" என்றான் ஒருநாள். அவள் விடவில்லை. அவனும் விடவில்லை. கடைசியில் நாலு பேர் முன்னால் அவன் ஒன்று சொன்னான். "கணபதி பண்டிக முடிஞ்ச மறு ஞாயித்துக்கெழம பட்டறைக்கு மேச வந்து எறங்குது. அதுக்குள்ள ஒத்தையில ஏறி எறங்கிக் காட்டுங்க, நான் வாயத் தெறக்கல. முடியலன்னா என்னையக் கொறை சொல்லக் கூடாது."

அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்தாள். வழக்கம்போல் ஹலோ இல்லை.

"நீ ஏதோ இரும்புக் காலு செய்யுதியாம்லா. ஒண்ணு கொண்டா" என்றாள்.

அப்படியெல்லாம் கொண்டு போக முடியாது, சோதனைக்கு வருகிறவர்களில் ஒருத்தியாகப் பேர் கொடுத்து, கம்பெனிக்கு வந்து பழகி, தேறினால்தான் வீட்டுக்குத் தருவார்கள் என்றேன். முழங்காலுக்கு மோட்டார் எப்படி முறுக்கு விசை கொடுக்கும் என்று விளக்கினேன். "முறுக்கா? மாட்டுங்காவுல விக்காவளே, அதா?" என்றாள். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எங்கள் தலைவர் மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் வசதியாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்காரர். நன்றாகப் படித்தவர், நன்றாகப் பேசுவார், யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் தேடினால் அந்த மரியாதைதான் முதலில் வந்து நிற்கும். செம்பூர் ஆபீஸில் முதல் நாள் அக்காவுக்கு எக்ஸோவை மாட்டி, இரண்டு பக்கமும் கம்பிகள் வைத்த பாதையில் நிறுத்தியிருந்தோம். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி.

"உட்காருங்கோ" என்றார் தலைவர்.

அவள் தரையில் உட்காரப் போனாள். பிறந்ததிலிருந்து அவளை யாராவது உட்காரச் சொன்னால் அது தரையில்தான். அதுவும் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது அவர் முன்னால் நாற்காலியில் உட்காருவாளா? முழங்கால் நாற்காலி உயரத்தைத் தாண்டி மடங்கியதும் என் புரோகிராம் அதை ஊகித்துவிட்டது: ஆள் விழுகிறார். மோட்டார் அந்த நிலையிலேயே இறுகிப் பூட்டிக்கொண்டது. உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் இருந்தாள் என் அக்கா.

"ஏ சவத்து மூதி, விடு!" என்று காலைப் பார்த்துக் கத்தினாள்.

தலைவர் சிரித்தார். அடக்கிக்கொண்டுதான் சிரித்தார், ஆனால் சிரித்தார். "பரவால்லை, பழகிடும். ஃபார்ம்ல பயனர் தவறுன்னு போட்டுடுங்கோ" என்றார் என்னிடம். போட்டேன். அவருக்கு உட்காருவது என்றால் நாற்காலி, சரி. எனக்கு? இருபத்திரண்டு வயசு வரைக்கும் நான் எதில் உட்கார்ந்து சாப்பிட்டேன்? ஆனாலும் என் கையெழுத்தில் அழகாகப் போட்டேன்.

திரும்பிப் போகும்போது டாக்ஸியில் அவள் சொன்னாள். "அது பூட்டிக்கிட்டுது பாத்தியா? அந்த நேரம் காலு கல்லு மாதிரி நின்னுச்சுட்டி. மூணு வருசத்துல அப்படி நின்னதே இல்ல. அதே மாதிரி..."

"அது தப்பா வேலை செஞ்சதுக்கா. அத நான் சரி பண்ணிருவேன்" என்றேன். சயான் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அவள் சொல்ல வந்ததை அன்றைக்கும் நான் முடிக்க விடவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஆறு வாரம் வந்தாள். ஒவ்வொரு நாளும் சண்டை. பெல்ட் கடிக்கிறது என்பாள், மோட்டார் பூனை மாதிரி கத்துகிறது என்பாள், நீ ஏன் என் மூஞ்சியைப் பார்க்காமல் அந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பாள். ஆனால் நடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். ஆபீஸில் நாங்கள் கட்டி வைத்திருக்கிற ஐந்து மரப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாள். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. கணபதிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுச் சோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

எக்ஸோவோடு அவள் ஏணியடிக்குப் போனபோது சந்து முழுக்க வந்து நின்றது. கொழுந்தன் குழாயடியிலிருந்து நிறைந்த பக்கெட்டோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அக்கா ஏணியில் வலது காலை வைத்தாள், பிறகு இடது காலை. எடை விழுந்ததும் மோட்டார் முழங்காலை நிமிர்த்தித் தூக்கியது. நான் எழுதிய புரோகிராம் அவளைத் தூக்கியது என்று பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "ஆராம் சே, மவுசி!" என்று, மெதுவாகப் போகச் சொல்லி எதிர்வீட்டு மராத்திக்காரி கத்தினாள். அக்கா பதிலுக்கு ஏதோ திட்டினாள். பதினோரு கம்பி. மேலே போய்விட்டாள். உள்ளே தையல் மெஷின் மூடியை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. "யாருட்டி என் வாசல்ல செருப்பக் குமிச்சுப் போட்டிருக்கது?" என்று சத்தம் போட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சந்தில் அந்தக் குரல் மேலேயிருந்து வந்தது.

பிறகு இறங்க ஆரம்பித்தாள்.

தாராவியில் ஏணியிலிருந்து யாரும் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு இறங்க மாட்டார்கள். ஏணியைப் பார்த்துத் திரும்பி, கயிற்றைப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் கீழே விட்டுத் துழாவுவார்கள். அந்த நேரத்தில் மேல் கம்பியில் நிற்கிற மற்றக் கால் எடையைத் தாங்கிக்கொண்டே மடங்க வேண்டும். அக்கா வலது காலைக் கீழே விட்டாள். இடது கால் கம்பியில் இருந்தது, முழங்கால் மடங்கியிருந்தது, தொடை முன்னால் சாய்ந்திருந்தது, முழு எடையும் அதன் மேல். இந்த நிலையை என் புரோகிராமுக்கு நன்றாகத் தெரியும். ஏறுகிறவர்களின் கால் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அது கொஞ்சம்கூடத் தயங்காமல், இவள் ஏறுகிறாள் என்று முடிவு செய்து, மடங்க வேண்டிய முழங்காலைத் தள்ளி நிமிர்த்தியது.

அவள் இடுப்பு ஏணியை விட்டு வெளியே பிய்ந்து வந்தது. வலது கால் காற்றில். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவள் இறக்க இறக்க அது தூக்கியது. "நிறுத்துட்டி! நிறுத்து!" என்று அலறினாள். நான் போனில் நிறுத்துகிற பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன், விரல் வழுக்கியது. அதற்குள் கொழுந்தன் பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தான். இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கினோம். வலது முழங்கால் கம்பியில் இடித்துத் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. உள்ளங்கை இரண்டையும் கயிறு அறுத்திருந்தது.

கொழுந்தன் அவளைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தான், தண்ணீர் கொடுத்தான். நல்லவன்தான் என்று நினைத்தேன். அடுத்த வாயிலேயே, "அப்ப மேசைக்குச் சொல்லிரட்டுமா மதினி?" என்றான்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "என்னட்டி ஆச்சு?"

"நீ ஏறுதேன்னு அது நெனச்சிருச்சு."

"அது எதுக்கு நெனைக்கி?"

நான் விளக்கப் போனேன். கோணம், எடை என்று ஆரம்பித்தேன்.

"ஏ, பொத்து வாயை. நான் எறங்குதேன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? சொன்னதையே காதுல வாங்காதவ நீ, நீ செஞ்ச காலு சொல்லாமலே புரிஞ்சிக்கிடுமாக்கும்! அன்னைக்கும் நீதான நெனச்ச? காலு மரத்துப் போச்சுன்னேன். முழுசா சொல்ல விட்டியா? நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு டக்குன்னு வச்சிட்ட. நான் மறுபடியும் கூப்பிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். அவ வையுவாளேன்னு கூப்பிடல."

இதை அவள் மூன்று வருஷமாக என்னிடம் சொன்னதே இல்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆஸ்பத்திரிக்கு வா, முட்டுல தையல் போடணுமான்னு பாப்போம்" என்றுதான் வந்தது.

"தையல நான் போட்டுக்கிடுவேன். நீ ஒரு சுவிச்சு வை. அமுக்குனா காலு கல்லு மாதிரி நிக்கணும், அன்னைக்கு நின்னுச்சுலா, அப்படி. விட்டா பைய மடங்கணும், பொசுக்குனு போவக் கூடாது. அமுக்குறதும் விடுறதும் நான். நீயும் ஒன் மெஷினும் ஒண்ணும் நெனைக்க வேண்டாம்."

செம்பூருக்குத் திரும்பியதும் லிஃப்டில் ஏறாமல் ஏழு மாடியும் நடந்தே ஏறினேன், கோபத்தில். யார் மேல் கோபம்? தலைவர் அப்படி ஓர் ஏணியைப் பார்த்ததே இல்லை. புரோகிராமைப் பழக்க எத்தனையோ பேரைப் படியில் இறங்க வைத்துப் பதிவு செய்தோம், எல்லாரும் முன்னால் பார்த்தே இறங்கினார்கள், அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. நியாயம்தான். நான் இருபத்திரண்டு வருஷம் அதே மாதிரி ஏணியில், தினம் நாலு தடவை, முகத்தை ஏணிக்குக் கொடுத்து இறங்கியவள். மழையில் இறங்கியிருக்கிறேன், கையில் காலித் தண்ணீர்க் குடத்தோடு இறங்கியிருக்கிறேன். அந்தப் பதிவுகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தேன். இது குறைகிறதே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஏணியை விட்டு வந்ததோடு அதை மறந்தும் போயிருந்தேன், அதுதான் வேண்டும் என்றுகூட நினைத்திருப்பேன்.

மறுநாள் ஆபீஸில் தலைவரிடம் சுவிட்ச் வைக்க வேண்டும் என்றேன்.

"சுவிட்ச் வெச்சா அப்புறம் நம்மகிட்ட என்னம்மா விசேஷம் இருக்கு? கால்ல கட்டற சாதாரண காலிப்பர் மாதிரி ஆயிடுமே. ஏணியெல்லாம் நம்ம ஸ்கோப்லயே இல்லை. அவாளை ஏணி ஏறச் சொன்னது யாரு?"

"அவங்க வீடு ஏணி மேலதான் சார் இருக்கு."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? பயனர் தவறுன்னு போட்டு அனுப்பிடுங்கோ."

நான் ஃபார்மை எடுத்து, அவர் கண் முன்னால், பயனர் தவறு என்று அச்சிட்டிருந்த கட்டத்தை அடித்துவிட்டு வடிவமைப்பாளர் தவறு என்று எழுதினேன். இதை அப்படியே வீட்டுச் சோதனைக்கு அனுமதி கொடுத்த குழுவுக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். அவர் முகத்திலிருந்து மரியாதை அன்றைக்குத்தான் முதல் முறையாக இறங்கியது. "நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார். பத்து வருஷத்தில் முதல் நீ. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அரைமணி நேரம் கத்திக்கொண்டோம். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. அந்த ஒரு எக்ஸோவில் மட்டும் நான் சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம், அதை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபார்ம் புதிதாக எழுதப்படும், அதில் பயனர் தவறு என்றே இருக்கும், பயனர் கையெழுத்துப் போட வேண்டும். நான் சரி என்றேன். இதை எழுதும்போதுகூட அந்தச் சரியை விழுங்க முடியவில்லை.

ஃபார்மைக் கொண்டு போனேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன எழுதிருக்கு?" என்று கேட்டாள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை.

"நீதான் தப்புப் பண்ணினன்னு எழுதிருக்கு."

"நான் பண்ணலியே."

"இல்ல. நான்தான்."

"அப்ப எதுக்கு நான் கையெழுத்துப் போடணும்?"

"போட்டாத்தான் காலு ஒனக்கு."

பேனாவை வாங்கினாள். "போடுதேன். எனக்கு மாளா வேணும். ஆனா யாரு தப்புன்னு ஒனக்குத் தெரியும்லா? அது போதும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் தன் பெயரைப் போட்டாள்.

என் புரோகிராமில் ஊகிக்கிற பகுதி முழுவதையும் அந்த ஒன்றிலிருந்து அழித்தேன். பல வருஷ வேலை. மீதி இருந்தது ஒரு பக்கம்கூட வராது. அமுக்கினால் பூட்டு, விட்டால் மெதுவாக மடங்கு. பட்டனைக் கம்பெனிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "கயித்தப் பிடிக்கும்போது இத எங்க வச்சிக்கிட?" என்று கேட்டு, பழைய பிளவுஸ் துணியில் கையாலேயே ஒரு பட்டி தைத்து, இடது உள்ளங்கையோரமாகக் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி பட்டனை அதற்குள் வைத்துக்கொண்டாள். எங்கள் ஆபீஸில் அதற்கென்றே இரண்டு டிசைனர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

கணபதி முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை மேஜைகளை ஏற்றிய டெம்போ சந்து முனையில் வந்து நின்றது. அவள் ஏறினாள். வலது காலை மேலே வைப்பாள், இடது காலைப் பக்கத்தில் சேர்த்துப் பூட்டுவாள், மறுபடி வலது. மோட்டார் தூக்கவில்லை, அவளே ஏறினாள், முன்னைவிட இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. மேலே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. முகத்தை ஏணிக்குக் கொடுத்துத் திரும்பினாள். முதலில் இடது காலைக் கீழே விட்டாள், கம்பி தட்டியதும் கட்டைவிரலால் அமுக்கினாள், பூட்டிக்கொண்டது. பிறகு வலது காலை இறக்கினாள். விட்டாள், மடங்கியது. மறுபடி இடது. நான் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "தள்ளி நில்லுட்டி" என்றாள். தள்ளி நின்றேன். பதினோரு கம்பியும் இறங்கினாள். பிறகு கொழுந்தனைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை ஏறி இறங்கினாள்.

"நல்லதாப் போச்சு மதினி" என்றான் அவன், வாயில் வேப்பங்காய் இருக்கிற மாதிரி. டெம்போ பின்பக்கமாகவே போயிற்று. அன்றைக்கே அவள் பாயைச் சுருட்டிக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டாள். நான் ஏணியடியில் நின்று, "நான் மேல வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். "எனக்கு வேலை கெடக்கு" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எனக்கு ஆபீஸில் இப்போது வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். படம் இன்னும் வாசலில்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில், மீட்டிங்கில் இருக்கும்போது அவள் போன் வந்தது. எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

"ஏட்டி, காலு மரத்துப் போச்சு" என்றாள்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கால், எவ்வளவு நேரமாக, வாய் கோணுகிறதா, கையைத் தூக்க முடிகிறதா என்று நூறு கேள்வி வாய் வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு, "எப்படி மரத்துப் போச்சு? நீ சொல்லுக்கா, நான் கேக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"பெல்ட்டு இறுக்கிருச்சு. தளத்திட்டேன். இப்ப எறும்பு ஊருது, அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "இத அன்னைக்குக் கேட்டிருந்தா ஒனக்கு என்னட்டி கொறஞ்சு போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வைத்துவிட்டாள்.